ஒரே குடும்பத்தில் இரண்டு பூச்சி: மாத்திரை கொடுத்தும் ஏன் திரும்ப வருகிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நகரத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒரு தாய் கேட்கிறார். வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர்தான். பள்ளியில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். அப்படியும் ஏழு வயது மகன் ராத்திரியில் பின்பக்கத்தைச் சொறிந்துகொண்டு அழுகிறான், மலத்தில் வெள்ளை நூல் போல நெளிகிறது. இதே சமயத்தில் கிராமத்தில் இருக்கும் மாமியாருக்கு ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 7-க்கு இறங்கிவிட்டது. மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். "இனிப்பு தின்பதால்தான் என்கிறார்கள். பணக்கார நாடுகளில் இந்தத் தொல்லை இல்லையாமே, நமக்கு மட்டும் ஏன்?" என்பது அவர் கேள்வி.

மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் மற்றவர்களின் மலத்தைப் பார்த்துக்கொண்டே பல வருடம் கழித்த ஆள் நான். அதனால் பதில் கொஞ்சம் நீளும், அங்கங்கே அருவருப்பாகவும் இருக்கும்.

இனிப்பை முதலில் விடுவித்துவிடலாம். பூச்சிக்கும் மிட்டாய்க்கும் சம்பந்தமில்லை. தூக்கத்தில் பல்லைக் கடிப்பது, கன்னத்தில் வெளிறிய திட்டு விழுவது இதெல்லாம் பூச்சிக்கு அடையாளம் என்று பாட்டிமார் சொல்வார்கள். அவற்றை நம்பி மருந்து கொடுக்கத் தேவையில்லை. வேப்பங்கொழுந்து அரைத்து உருட்டிக் கொடுத்த தலைமுறையை நான் கிண்டல் செய்யவில்லை. அவர்கள் காலத்தில் வீட்டுக்கு வீடு பூச்சி இருந்தது, கையில் கிடைத்ததைச் செய்தார்கள்.

இப்போது அடிப்படைக்கு வருவோம். காய்ச்சல் கிருமி மாதிரி புழு நம் உடம்புக்குள்ளேயே பெருகிக்கொண்டு போவதில்லை. நாக்குப்பூச்சி என்று ஊரில் சொல்லும் உருளைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் புழு நாளுக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். அதில் ஒன்றுகூட அதே வயிற்றில் பொரித்து வளராது. மலத்தோடு வெளியே போய், ஈர மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முற்றி, அப்புறம் யார் வாய்க்குள்ளாவது போனால்தான் அதற்கு வாழ்வு. ஆக, ஒரு குழந்தையின் வயிற்றில் 20 நாக்குப்பூச்சி இருக்கிறது என்றால், அவன் குறைந்தது 20 முட்டை விழுங்கியிருக்கிறான். அந்த எண்ணிக்கை அவன் வயிற்றின் பலவீனத்தைக் காட்டுவதில்லை. அவன் விளையாடும் மண்ணில் எத்தனை பேர் மலம் கலந்திருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது.

இந்த விதிக்குச் சில விலக்குகள் உண்டு. உங்கள் மகனுக்கு இருப்பது அந்த விலக்கில் ஒன்று.

ராத்திரி அரிப்பு, வெள்ளை நூல் என்றால் அநேகமாக அது கீரிப்பூச்சிதான். இதை ஊசிப்புழு என்றும் சொல்வார்கள். இதற்கு மண்ணும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். பையன் தூங்கியதும் பெண் புழு வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். சில மணி நேரத்தில் அவை தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். அவன் சொறிகிறான், நகத்தில் ஏறுகிறது, விரல் வாய்க்குப் போகிறது. படுக்கை விரிப்பு, ஜட்டி, பக்கத்தில் படுக்கும் தங்கை, பள்ளிக்கூடத்துப் பெஞ்சு என்று சுற்று போய்க்கொண்டே இருக்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் இதில் எந்தப் பக்கமும் குறுக்கே வராது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்றும் அதிகம் காணப்படும் குடற்புழு இதுதான். ஜப்பான் பள்ளிகளில் ஒட்டும் தாளை வைத்து இதற்கென்றே பரிசோதனை செய்துவந்தார்கள், 2015-ஐ ஒட்டித்தான் கைவிட்டார்கள். எனவே கீரிப்பூச்சி வந்ததற்காக நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. சுத்தமான வீட்டிலும் வரும்.

ஆறு மாதத்துக்கு ஒரு மாத்திரையால் இது நிற்காததற்குக் காரணமும் இதுவே. மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையை அவ்வளவாகத் தொடாது. வீட்டில் இருக்கும் எல்லாரும் ஒரே நாளில் மருந்து எடுக்க வேண்டும், இரண்டு வாரம் கழித்து எல்லாரும் இன்னொரு தடவை எடுக்க வேண்டும். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைகளும் இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். அந்த இரண்டு வாரமும் பையனைக் காலையில் எழுந்ததும் குளிப்பாட்டி, நகத்தை ஒட்ட வெட்டி, உள்ளாடையையும் விரிப்பையும் உதறாமல் சுருட்டி எடுத்துப் போய்ச் சுடுதண்ணீரில் துவையுங்கள். சந்தேகம் இருந்தால் விடியற்காலையில், குளிப்பதற்கும் வெளிக்குப் போவதற்கும் முன்னால், செல்லோடேப்பை அந்த இடத்தில் ஒட்டி எடுத்து லேபில் கொடுங்கள். சாதாரண மலப் பரிசோதனையில் இந்த முட்டை பெரும்பாலும் தெரியாது. "மோஷன் டெஸ்ட் நார்மல்" என்ற தாளைப் பிடித்துக்கொண்டு குழம்பிப்போன பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, மாமியார் விஷயம். ஏழை நாடு, பணக்கார நாடு என்ற வித்தியாசம் இங்கேதான் வருகிறது.

மண் வழியாகப் பரவும் உருளைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு மூன்றும் சேர்ந்து உலகத்தில் ஏறக்குறைய 150 கோடி பேரிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மூன்றில் ரத்தத்தைக் குடிப்பது கொக்கிப்புழு. ஒரு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தொங்கும். தென்னிந்தியாவில் அதிகம் இருக்கும் நெக்கேட்டர் வகையில் ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.03 மில்லி ரத்தம் எடுக்கும். கேட்கும்போது அற்பமாக இருக்கிறது. 100 புழு என்றால் நாளுக்கு 3 மில்லி, மாதத்துக்கு 90 மில்லி. சோறும் ரசமும் சாப்பிட்டு இரும்புச்சத்தே குறைவாக இருக்கும் ஒரு பெண்ணிடமிருந்து இப்படி வருடக்கணக்கில் ஒழுகினால் 7-க்கு இறங்குவதில் ஆச்சரியமில்லை.

இது வாய் வழியாக வருவதைவிடக் கால் வழியாக வருவதுதான் அதிகம். மலத்தோடு விழுந்த முட்டை ஓரிரு நாளில் பொரிக்கும். வெளிவரும் இளம்புழு ஐந்து முதல் பத்து நாளில் தோலைத் துளைக்கும் பக்குவத்துக்கு வரும். நிழலும் ஈரமும் உள்ள பொலபொலப்பான மண் என்றால் மூன்று நான்கு வாரம்கூட உயிரோடு காத்திருக்கும். கொளுத்தும் வெயிலிலும் காய்ந்த தரையிலும் செத்துப்போகும். இதைக் கிராமத்து வழக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள். வெளிக்குப் போகிறவர்கள் வெட்டவெளியில் உட்கார மாட்டார்கள். மறைவு வேண்டும், தண்ணீர் பக்கத்தில் வேண்டும். தோப்போரம், வாய்க்கால் கரை, வாழைக்கொல்லை என்று போவார்கள். பெண்களுக்கு மறைவான இடம் இன்னும் குறைவு, அதனால் திரும்பத் திரும்ப அதே இடத்துக்குத்தான் போவார்கள். மனிதன் தேடுவதும் புழு தேடுவதும் ஒரே இடமாகப் போய்விடுகிறது. போன வாரம் ஒருவர் ஒதுங்கிய இடத்தில் இந்த வாரம் இன்னொருவர் வெறுங்காலோடு வந்து நிற்கிறார். புழு நுழைந்த இடத்தில் அரிப்பும் சின்னப் பருக்களும் வரும். சேற்றுப்புண் என்று நினைத்து யாரும் கண்டுகொள்வதில்லை.

செருப்புப் போட்டால் போதுமா என்று கேட்பார்கள். உதவும், ஆனால் போதாது. நாற்று நடவும் களை எடுக்கவும் செருப்போடு இறங்க முடியாது. மண்ணை அளையும் கை வழியாகவும் அது நுழையும்.

இன்னொரு விஷயம், புழு என்றாலே குழந்தைகள் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் பள்ளி வயதில்தான் உச்சம், உண்மை. கொக்கிப்புழு அப்படியில்லை, வயது ஏற ஏறக் கூடும். திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாதுமலையிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். ஆப்பிரிக்காவில் பெனினிலும் மலாவியிலும் இதே ஆய்வு நடந்தது. இங்கே தொடக்கத்தில் எடுத்த கணக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் புழு இருந்தது, அதில் பெரும்பகுதி கொக்கிப்புழு. வயதானவர்களிடமும் மலைக் கிராமங்களிலும் அதிகம். ஆனால் 2015-ல் தொடங்கிய தேசிய குடற்புழு நீக்க நாளில், பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று வருடத்துக்கு இரண்டு முறை, மாத்திரை கிடைப்பது 1 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களுக்கு. உங்கள் மாமியார் அந்தக் கணக்கிலேயே இல்லை. பேரனுக்குப் பள்ளியில் மாத்திரை கிடைக்கும், பாட்டியின் காலடியில் முட்டை தொடர்ந்து விழுந்துகொண்டிருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பதா, ஊர் முழுக்கக் கொடுப்பதா என்பதைத்தான் அந்த ஆய்வு ஒப்பிட்டுப் பார்த்தது.

மாத்திரையும் எல்லாப் புழுவையும் ஒரே மாதிரி சாய்க்காது. பள்ளியில் கொடுக்கும் மாத்திரையின் பெயர் அல்பெண்டசோல். அது 400 மில்லிகிராம் ஒரே வேளை என்றால் உருளைப்புழு 100-க்கு 95 பேருக்குப் போய்விடும். கொக்கிப்புழு 70, 80 பேருக்குப் போகும். சாட்டைப்புழுவோ 30 பேருக்குத்தான் போகும்.

மாத்திரை மட்டும் போதாது என்பது இன்று நேற்றுத் தெரிந்ததில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் ஆட்களை வைத்தே நிரூபணமான பாடம் இது. 1916-ல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அங்கே கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து போன தோட்டத் தொழிலாளர்களிடம் இந்தப் புழு பரவலாக இருந்தது. தைமாலும் செனோபோடியம் எண்ணெயும் கொடுத்தார்கள். கடுமையான மருந்துகள், பக்க விளைவு அதிகம். ஆள் தெம்பானால் கொழுந்து கூடுதலாக வரும் என்பதால் மருந்துக்குத் தோட்டத்தை நடத்திய துரைமார் ஒத்துக்கொண்டார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குக் கக்கூஸ் கட்டச் செலவு செய்ய வேண்டும் என்றதும் இழுத்தடித்தார்கள். மருந்து குடித்த தொழிலாளி அதே தேயிலைப் புதருக்குள் போனார், புழு திரும்ப ஏறியது. பழி மட்டும் "கூலிகளின் பழக்கவழக்கம்" மேல் விழுந்தது. இன்றும் சில விழிப்புணர்வுச் சுவரொட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் துரைமார் ஞாபகம் வருகிறது. கை கழுவு, நகம் வெட்டு, செருப்புப் போடு என்று எல்லாக் கட்டளையும் ஏழைக்குத்தான் இருக்கும். கழிவுநீர் எங்கே போகிறது என்று யாரையும் கேட்காது.

கழிப்பறை கட்டிவிட்டால் தீர்ந்ததா? அதுவும் அவ்வளவு எளிதில்லை. ஒடிசாவில் பூரி மாவட்டத்தில் 100 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. 2014-ல் முடிவு வந்தது. திட்டம் நடந்த கிராமங்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக ஏறின. ஆனாலும் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் குறையவில்லை, புழுவும் குறையவில்லை. கட்டியது ஒன்று, அதில் போவது வேறொன்று. நானே ஒரு மலைக் கிராமத்தில் புத்தம் புதுக் கழிப்பறைக்குள் விறகும் கோழிக்கூடையும் அடுக்கியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் இல்லாத இடத்தில் பீங்கானைப் பதித்துவிட்டுப் போனால் அந்தக் குடும்பம் வேறென்ன செய்யும்? அப்புறம் கைக்குழந்தையின் மலம். "பச்சப்பிள்ளை போனதுதானே" என்று வாசலோரச் சாக்கடையில் வீசுவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். உருளைப்புழு முட்டை அதிகம் இருப்பது சின்னப் பிள்ளைகள் போனதில்தான்.

யாரும் அதிகம் பேசாத ஒன்று தரை. மெக்சிகோவில் கோவாவிலா மாநிலத்தில் ஏழைகளின் மண் தரையைச் சிமெண்ட் தரையாக மாற்றித் தரும் திட்டம் நடந்தது. பொருளாதார அறிஞர்கள் சிலர் அதை ஆராய்ந்து 2009-ல் எழுதினார்கள். வீட்டுத் தரை முழுவதையும் சிமெண்ட் ஆக்கினால் குழந்தைகளின் ஒட்டுண்ணித் தொற்று 78 சதவீதம் குறைவதாக அவர்கள் கணக்கு. தவழும் பிள்ளை எதன் மேல் தவழ்கிறது என்பது அவ்வளவு முக்கியம். எந்தச் சுகாதாரப் பாடமும் எடுக்காமல், ஒரு கொத்தனார் செய்த மருத்துவம் அது.

பணக்கார நாடுகளில் இது எப்படி ஒழிந்தது என்பதற்குத் தென்கொரியாவைச் சொல்வேன். அது அப்போது பணக்கார நாடும் இல்லை. 1963-ல் ஜியோஞ்சு நகரத்து மருத்துவமனைக்கு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி குடல் அடைபட்டு வந்தாள். வயிற்றைத் திறந்தபோது 1,063 உருளைப்புழுக்கள். அவள் பிழைக்கவில்லை. 1966-ல் ஒட்டுண்ணி நோய்த் தடுப்புச் சட்டம் வந்தது. 1969-லிருந்து வருடத்துக்கு இரண்டு தடவை ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் மலத்தைச் சின்ன உறையில் போட்டுக் கொண்டுவர வேண்டும், புழு இருந்தால் ஆசிரியர் முன்னால் மாத்திரை விழுங்க வேண்டும். 1971-ல் எடுத்த கணக்கில் 84.3 சதவீதம் பேரிடம் ஏதாவது ஒரு புழுவின் முட்டை இருந்தது. 1997-ல் 2.4 சதவீதம். மாத்திரை இதில் பாதிக் கதைதான். மனித மலத்தைக் காய்கறி வயலுக்கு உரமாகப் போட்ட நாடு அது. ரசாயன உரம் வந்து அந்த வழக்கம் நின்றது, வீடுகள் மாறின, சாக்கடை வந்தது, சம்பளம் உயர்ந்தது. எதனால் எத்தனை சதவீதம் என்று பிரிக்க முடியாது. எல்லாம் ஒரே தலைமுறைக்குள் சேர்ந்து நடந்ததுதான் விசேஷம்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை, ஆர்.ஓ. மேல் உங்களுக்கு இருக்கும் நம்பிக்கைக்காக. கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் ஒட்டுண்ணிகளுக்கு, அதாவது சீதபேதி அமீபா, ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்றவற்றுக்கு, தண்ணீர் முக்கியமான வழி. கிரிப்டோஸ்போரிடியம் குளோரினுக்கு அசையாது. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் குழாய்த் தண்ணீர் வழியாகச் சுமார் 4 லட்சம் பேரைப் படுக்க வைத்தது. அங்கே தண்ணீரைச் சரிசெய்ததும் நின்றது. வேலூரில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு வேறு மாதிரி. பாட்டில் தண்ணீர் குடித்த வீட்டுக் குழந்தைகளுக்கும் நகராட்சித் தண்ணீர் குடித்த வீட்டுக் குழந்தைகளுக்கும் இந்தத் தொற்றில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. நெருக்கமான தெருவில் குடிநீரை மட்டும் சுத்தமாக்கினால், கை, பாத்திரம், தரை என்று மற்ற வழிகள் திறந்தே கிடக்கின்றன. அப்புறம், பள்ளியில் கொடுக்கும் ஒரு வேளை அல்பெண்டசோல் இந்த வகை எதற்கும் மருந்தில்லை. மாத்திரை போட்டும் பேதி நிற்கவில்லை என்றால் அதையே திரும்பப் போடாதீர்கள்.

நாடாப்புழுவிலும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு, "நாங்கள் சைவம், எங்களுக்கு வராது" என்று. பன்றி இறைச்சி வழியாகக் குடலில் நாடாப்புழு வருவது ஒன்று. அந்தப் புழு உள்ள மனிதரின் மலத்திலிருக்கும் முட்டை மற்றவர் வாய்க்குள் போய் மூளையில் கட்டியாகி வலிப்பு வருவது வேறு. இரண்டாவதற்கு இறைச்சியே தொட்டிருக்க வேண்டாம். சமைத்தவர் கையும், கழிவுநீர் பாய்ந்த கொத்தமல்லியும் போதும்.

மாத்திரைத் திட்டத்தால் பிள்ளைகள் படிப்பும் வளர்ச்சியும் உயர்கிறதா என்று பெரிய சண்டையே நடந்தது. கென்யாவின் புசியா பகுதியில் பள்ளிக்கு வராமல் இருப்பது கால்பங்கு குறைந்தது என்று 2004-ல் வந்த கட்டுரை ஒரு பக்கம். எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் பலன் மிகச் சிறிது என்று சொல்லும் தொகுப்பாய்வு மறுபக்கம். அதிகப் புழு உள்ள பிள்ளைக்கு நிச்சயம் நன்மை, புழுவே இல்லாத பிள்ளைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் பலன் கரைந்துபோகும். நான் அதை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். மாத்திரை மலிவு, பாதுகாப்பானது. நான் அதற்கு எதிரி இல்லை.

மறுபடி மாமியாரிடம் வருகிறேன். அல்பெண்டசோல் ஒரு வேளை கொடுத்திருப்பார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து மலத்தை மறுபடி பரிசோதியுங்கள். காலையில் எடுத்த மலத்தை அன்றைக்கே சீக்கிரம் லேபில் சேர்க்க வேண்டும், நேரம் ஆனால் கொக்கிப்புழு முட்டை பொரிந்தும் கலைந்தும் போகும். புழு செத்ததால் ரத்தம் தானாக ஊறிவிடாது. இரும்பு மாத்திரையை ரத்த அளவு சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும், டீ குடிக்கும் நேரத்தில் போடக் கூடாது. மூட்டுவலிக்கோ இளைப்புக்கோ ஸ்டீராய்டு எடுப்பவர் என்றால் மருத்துவரிடம் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழுவைப் பற்றிக் கேளுங்கள். அதுவும் வெறுங்கால் வழியாகத்தான் வரும். நான் சொன்ன இன்னொரு விலக்கு அதுதான், உடம்புக்குள்ளேயே பல பத்தாண்டு பெருகிக்கொண்டு இருக்கும். ஸ்டீராய்டு கொடுத்ததும் உயிருக்கே ஆபத்தாக மாறும். ஒரு வேளை அல்பெண்டசோலுக்குப் போகாது, ஐவர்மெக்டின் வேண்டும்.

கடைசியாக ஒன்று. கிராமத்தில் வயலுக்குப் போகிற பாட்டி, கொக்கிப்புழு முட்டை என்றதும் காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். அவருக்கு 60 வயதைத் தாண்டியிருந்தால் அங்கேயே நிறுத்தாதீர்கள், வயிற்றில் வேறெங்காவது ரத்தம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். வலிக்கு ஏதாவது மாத்திரை தினமும் போடுகிறாரா, மலம் கறுப்பாகப் போகிறதா, எடை குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். நாலைந்து முட்டைதான் தெரிந்தது என்றால் அந்த நாலைந்து முட்டைக்கு 7 வரை ரத்தம் இறங்காது. இரைப்பையையும் பெருங்குடலையும் உள்நோக்கிக் கருவியால் (எண்டோஸ்கோப்) பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம்.